கட்டுரை தயார், எங்கே அனுப்பலாம்? பல்துறை இதழா, தனித்துறை இதழா, கருத்தரங்கா, ப்ரிபிரின்டா

ஆய்வுக்கு வருடக்கணக்கில் உழைக்கிறவர்கள்கூட அதை எங்கே வெளியிடுவது என்பதை ஒரு மாலைப் பொழுதில் முடிவு செய்துவிடுகிறார்கள். நெறியாளர் சொன்ன இதழ், கூட ஆய்வு செய்பவர் போன மாதம் போட்ட இதழ், இல்லாவிட்டால் ‘மதிப்பிற்குரிய ஆய்வாளருக்கு’ என்று தானாக வந்து விழுந்த மின்னஞ்சல் அழைப்பு, இதில் எது முதலில் கைக்குச் சிக்குகிறதோ அங்கே கட்டுரை போய்விடுகிறது. பிறகு யாரும் படிக்கவில்லை, மேற்கோள் காட்டவில்லை என்ற வருத்தம். படிக்க வேண்டியவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை என்றால் எப்படிப் படிப்பார்கள்?

பொதுவாக நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எல்லாத் துறைகளையும் ஏற்கும் பல்துறை ஆய்விதழ், ஒரு துறைக்கென்றே நடக்கும் ஆய்விதழ், கருத்தரங்கு, மதிப்பாய்வுக்கு (துறை அறிந்தவர்கள் படித்துத் தரம் பார்ப்பதற்கு) முன்பே இணையத்தில் போட்டுவிடும் ப்ரிபிரின்ட். இலக்கியக்காரர்களுக்கு ஐந்தாவதாக நூலும் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் கணினித் துறையில் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு வெளியீட்டு முறையை இலக்கியத் துறையில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யச் சொல்வேன். உங்கள் கட்டுரையில் ஒரு பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய பத்துப் பேர் எங்கே படிக்கிறார்கள்? இம்பேக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்), கட்டணம், வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் பல்துறை இதழை எடுத்துக்கொள்வோம், குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். ஒரே பெயரில் மூன்று வகை இருக்கிறது. 1869-இல் தொடங்கிய நேச்சர், 1880-இல் தொடங்கிய சயின்ஸ் போன்றவை பல்துறை இதழ்கள்தான், ஆனால் அங்கே வருவதில் மிகச் சிறு பகுதியைத்தான் ஏற்பார்கள். 2006-இல் வந்த பிளாஸ் ஒன் வேறு வழியில் போனது. கட்டுரை எவ்வளவு முக்கியமானது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம், முறை சரியா, முடிவு தரவிலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றது. மூன்றாவது வகை, மொழி, இலக்கியம், பொருளியல், தொழில்நுட்பம் எல்லாவற்றையும் ஒரே மாத இதழில் அடுக்கும் சிறு இதழ்கள். இவற்றில் பொறுப்பாக நடப்பவையும் உண்டு, பணம் கட்டினால் எதையும் போடுகிறவையும் உண்டு.

இந்த மூன்றாம் வகை மீது இருக்கும் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. வேகமாகப் பதில் வரும், துறை எல்லை பற்றிய சண்டை இல்லை, இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கும் கட்டுரைக்கு உடனே ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் என் கவலை, அந்தக் கட்டுரையை உள்ளே யார் படித்துப் பார்க்கிறார்கள் என்பது. 1996-இல் ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர், குவாண்டம் ஈர்ப்பு பற்றி வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய ஒரு கட்டுரையை சோஷியல் டெக்ஸ்ட் என்ற பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். அவர்கள் அதை ஓர் இயற்பியலாளரிடம் காட்டாமலே வெளியிட்டார்கள். அந்த இதழில் இருந்தவர்கள் அவரவர் துறையில் தேர்ந்தவர்கள்தான், இந்தக் கட்டுரை அவர்கள் துறைக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். துறை கடந்த கட்டுரைகளில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

அதற்காகப் பல்துறை என்றாலே மோசம், தனித்துறை என்றாலே தரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2013-இல் ஜான் போஹன்னன் என்ற செய்தியாளர், புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லும், வெளிப்படையான ஓட்டைகள் கொண்ட ஒரு போலிக் கட்டுரையைச் சிறு மாற்றங்களோடு யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பெயரிலேயே மருந்தியல், மருத்துவம் என்று துறையைத் தாங்கிய இதழ்களும் அதில் இருந்தன. நிராகரித்தவற்றில் ஒன்று பல்துறை இதழான பிளாஸ் ஒன், அறநெறி சார்ந்த குறைகளைச் சுட்டிக் கேள்வி கேட்டதும் அது மட்டும்தான். ஆக, அட்டையில் எழுதியிருப்பதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

எதை வைத்துச் சொல்வது? இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளைத் திறந்து, உங்கள் துறைக் கட்டுரை ஒன்றை எடுத்து முழுதாகப் படியுங்கள். முகப்பையோ ஆய்வுச் சுருக்கத்தையோ பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முதல் பக்கத்தின் அடியில் கட்டுரை கிடைத்த நாளும் ஏற்ற நாளும் போட்டிருந்தால் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள்; இருபது பக்கக் கட்டுரை மூன்று நாளில் ஏற்கப்பட்டிருந்தால் அதை யாரும் மதிப்பாய்வு செய்திருக்க முடியாது. ஆசிரியர் குழுவில் உங்கள் துறைக்காரர் யார் என்று தேடுங்கள், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் கேட்காமலே பெரிய பேராசிரியர்களின் பெயரைப் போட்டுக்கொள்ளும் இதழ்கள் இருக்கின்றன. நல்ல பழைய இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் இருப்பதால் முகவரியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது, டிஓஐ இருக்கிறது என்பதெல்லாம் தரத்துக்குச் சான்று ஆகாது. அவை அடையாள எண்கள்தான், யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

தனித்துறை இதழின் மதிப்பு என்ன என்பதை ஒரு கட்டுரையை வைத்தே பார்க்கலாம். ஆசிரியர் பெயர் தெரியாத சில பழம்பாடல்களை எடுத்து, அதில் வரும் இடைச்சொற்களையும் விகுதிகளையும் கணினியால் எண்ணி, இவற்றை எழுதியவர் இன்ன புலவராக இருக்கலாம் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கிய இதழின் மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது: எந்தப் பதிப்பை வைத்து எண்ணினீர்கள்? பாடவேறுபாடு உள்ள இடங்களில் எந்தப் பாடத்தைக் கொண்டீர்கள்? பதிப்பாசிரியர் சந்தி பிரித்து அச்சிட்ட சொற்களை அப்படியே எண்ணியிருந்தால், நீங்கள் அளந்தது புலவருடைய நடையையா, பதிப்பாசிரியருடைய பழக்கத்தையா? இந்தக் கடைசிக் கேள்வி மொத்தக் கட்டுரையையும் சாய்த்துவிடக்கூடியது. அதே கட்டுரை கணினி மொழியியல் பக்கம் போனால் கேள்விகள் வேறு. பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் ஒரே தொகுப்பிலிருந்து வந்ததா? மிக எளிய ஒரு முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? ஒரே பொருளைப் பாடிய இரு புலவர்களை உங்கள் முறை பிரித்துக் காட்டுமா, இல்லை பொருளைத்தான் பிரிக்கிறதா? நிரல் எங்கே? அதே கட்டுரையை மூன்றாம் வகைப் பல்துறை இதழ் ஒன்றுக்கு அனுப்பினால் பெரும்பாலும் வரும் குறிப்பு, மேற்கோள் முறையைச் சீர்செய்யவும், முடிவுரையைச் சற்று விரிவாக்கவும் என்பதுதான். ஒரு வாரத்தில் வந்துவிடும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் பதிப்பைப் பற்றிய அந்தக் கேள்வி கேட்கப்படாமலே கட்டுரை அச்சேறிவிடும், பல வருடம் கழித்து யாராவது கேட்கும்போது திருத்துவதற்கு வழியும் இருக்காது.

இதே மாதிரிச் சிக்கலை எதிர்கொண்டவர்கள்தான் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர்கள். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்று சர்ச்சையில் இருந்த 12 கட்டுரைகளைச் சிறு சொற்களின் எண்ணிக்கையை வைத்து ஆராய்ந்து, மாடிசன்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். கேள்வி வரலாற்றுடையது, முறை புள்ளியியலுடையது. 1963-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டு, அடுத்த வருடம் நூலாக்கினார்கள். முறைதான் புதிது, முறையில்தான் தப்பு நேர வாய்ப்பு அதிகம், ஆகவே முறையைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் வைத்தது பொருத்தமானது. துறை கடந்த எந்தக் கட்டுரைக்கும் நான் இதையே சொல்வேன். கட்டுரையில் எந்தப் பகுதி உடைய வாய்ப்பு அதிகமோ அந்தத் துறைக்கு அனுப்புங்கள்.

தனித்துறை இதழின் குறை, காலம். பொருளியலில் இது ரொம்பக் கடுமை. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ, எகனாமெட்ரிகா உள்ளிட்ட ஐந்து இதழ்களை உச்சமாக வைத்திருக்கிறார்கள்; அனுப்பியதிலிருந்து அச்சாகும் வரை வருடங்கள் ஓடிவிடும், திருத்தம் கேட்டே இரண்டு மூன்று சுற்று போகும். நிராகரிப்பும் எப்போதும் நியாயமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கார் சந்தையை வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் குலைகிறது என்று ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. இது சாதாரண விஷயம் என்றார்கள், இது சரியென்றால் பொருளியலே வேறாக இருக்கும் என்றும் சொன்னார்கள். கடைசியில் 1970-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் வெளியிட்டது, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு. இதில் நான் கவனிப்பது பரிசை அல்ல. மூன்று முறை திரும்பி வந்த பிறகும் அவர் பொருளியலாளர்கள் படிக்கும் இன்னொரு இதழுக்கே போனார். எங்காவது வந்தால் போதும் என்று வேறு பக்கம் போயிருந்தால் அந்தக் கட்டுரை இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம்.

கருத்தரங்கு விஷயத்தில் துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கணினி அறிவியலிலும் கணினி மொழியியலிலும் முன்னணிக் கருத்தரங்கில் முழுக் கட்டுரை வருவது நல்ல இதழில் வருவதற்குச் சமம், பல சமயம் அதைவிட மேல். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை 2017 ஜூனில் ஆர்க்கைவ் என்ற ப்ரிபிரின்ட் தளத்தில் ஏறியது, அதே வருடம் டிசம்பரில் கருத்தரங்கில் வந்தது. பொருளியலில் இந்த வேகத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நியூரிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் கருத்தரங்கு 2014-இல் வந்த கட்டுரைகளில் ஒரு பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பரிசோதித்தது. ஏறக்குறைய கால்வாசிக் கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் வேறுபட்டது. இன்னும் கூர்ந்து பார்த்தால், ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேல் மற்றக் குழு நிராகரித்திருந்தது. தங்கள் முறையைத் தாங்களே சோதித்து முடிவை வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆகவே கருத்தரங்கில் ஒருமுறை நிராகரித்தால் மனம் தளராமல், குறிப்புகளைச் சரிசெய்து அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள்.

இலக்கியம், பொருளியல் ஆட்களுக்குக் கருத்தரங்கு என்பது பேசிப் பார்க்கும் இடம். வரைவை வாசித்து, கேள்வி நேரத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, திருத்தி இதழுக்கு அனுப்ப வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டியவர்களின் கட்டுரைகளையெல்லாம் மதிப்பாய்வு இல்லாமல் ஒரே தொகுப்பாக அச்சிட்டுத் தருவார்களே, அதில் உங்கள் நல்ல கட்டுரையைப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை தொகுப்பில் வந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் ஏற்காது. பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்தரங்கில் சோதனை இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. 2005-இல் எம்ஐடி மாணவர்கள் கணினியே அர்த்தமில்லாமல் எழுதித் தள்ளிய ஒரு கட்டுரையை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்ப, அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ப்ரிபிரின்ட் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது, முக்கியமாக யாராவது திருடிவிடுவார்களோ என்று. உண்மையில் தேதியோடு பொதுவில் ஏறிய கட்டுரைதான் நீங்கள் முதலில் சொன்னீர்கள் என்பதற்கு நல்ல சான்று. பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் இயற்பியலிலிருந்து கணிதம், கணினி என்று பரவியது. கணிதவியலாளர் பெரெல்மான், பாங்கரே ஊகம் என்ற பழைய கணிதப் புதிருக்கான நிறுவலை 2002, 2003-இல் அங்கேதான் போட்டார், எந்த இதழுக்கும் அனுப்பவில்லை, மற்றக் கணிதவியலாளர்கள் சில வருடம் உட்கார்ந்து சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். அது பெரெல்மான், நாம் அந்த வழியில் போக முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: படிக்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள், அதனால் அது வேலை செய்தது. பொருளியலில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. அமெரிக்கப் பொருளியல் ஆய்வு நிறுவனமான என்பிஈஆரின் ஆய்வுத்தாள் (இதழில் வருவதற்கு முன் சுற்றுக்கு விடும் கட்டுரை) வரிசை 1973-இலிருந்து வருகிறது, எஸ்எஸ்ஆர்என் என்ற இணையத் தளம் 1994-இல் வந்தது, இதழ் தாமதத்தை அங்கே எல்லோரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். மொழியியலுக்கு லிங்பஸ் என்ற தளம் இருக்கிறது. இலக்கியத்தில்தான் இந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை, போட்டாலும் தேடி வருபவர்கள் குறைவு, ஆகவே அங்கே ப்ரிபிரின்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழ்களில், முன்பே போட்ட ப்ரிபிரின்டால் உங்கள் பெயர் தெரிந்துவிடலாம். கணினி மொழியியலின் ஏசிஎல் கருத்தரங்குகளில் இதற்காகவே ப்ரிபிரின்ட் போடக் கூடாத ஒரு தடைக்காலம் வைத்திருந்து 2024-இல் அதை நீக்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு, போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

நூலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு புலவரையோ ஒரு காலகட்டத்தையோ முழுக்க எடுத்து வாதிடும் ஆய்வை எட்டாயிரம் சொல்லுக்குள் நறுக்கினால் வாதமே செத்துவிடும் என்றால் நூலாகவே எழுதுங்கள், ஆனால் அதில் ஓர் இயலை முதலில் நல்ல துறை இதழில் போட்டுப் பாருங்கள்.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் மோசடி இல்லை, நேச்சர்கூட 2021-இல் திறந்த அணுக்கத்துக்கு 9,500 யூரோ என்று வைத்தது. ஆனால் கட்டணம் எண்ணிக்கையோடு சேரும்போது சிக்கல் வருகிறது, அதிகக் கட்டுரை என்றால் அதிக வருமானம். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள், பெரும்பாலும் விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை. நேர்மையாக எழுதியவர்களின் பெயரும் அந்த இதழ்களோடு சேர்ந்து அடிபட்டது. கட்டணமே இல்லாத நல்ல இதழ்கள் நிறைய இருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. திறந்த அணுக்க இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் உள்ள இதழ்களில் பெரும்பான்மை ஆசிரியரிடம் பணம் வாங்காதவை. லிங்குவா என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு 2015-இல் பதிப்பகத்தோடு ஒத்துப்போகாமல் மொத்தமாக விலகி குளோசா என்ற புதிய இதழைத் தொடங்கியது. மொழியியலாளர்கள் அவர்கள் பின்னால் போனார்கள், ஏனென்றால் இதழின் மதிப்பு அந்த மதிப்பாய்வாளர்களிடம்தான் இருந்தது.

பட்டத்துக்கோ பதவி உயர்வுக்கோ உங்கள் நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருந்தால் அதைத் தவிர்க்க முடியாது, சரி. அந்தப் பட்டியலுக்குள் இருந்துகொண்டே மேலே சொன்ன கேள்வியைக் கேளுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அனுப்பிய நாளில் இதழ் பட்டியலில் இருந்ததற்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆங்கிலத்தில் போட்டால்தான் ஆய்வு என்ற எண்ணம் இலக்கியத்துக்கும் மொழிக்கும் பொருந்தாது. ஒரு மொழியின் யாப்பைப் பற்றி எழுதினால், அதில் தப்பு கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அந்த மொழியில்தான் படிக்கிறார்கள். ஆய்வு வெளியீட்டில் பல மொழிகளையும் காக்க வேண்டும் என்று 2019-இல் ஹெல்சின்கி முன்னெடுப்பு வந்ததும் இதற்காகத்தான். தொழில்நுட்பக் கட்டுரைக்கு நிலைமை வேறு, அங்கே ஆங்கிலத்தைத் தவிர்த்தால் வாசகரே இல்லாமல் போகலாம்.

என்னைக் கேட்டால், பொருளியல் கட்டுரையை முதலில் ஆய்வுத்தாளாகப் போட்டுவிட்டுத் துறை இதழுக்கு அனுப்புவேன். தொழில்நுட்பம் என்றால் கருத்தரங்கு, கூடவே ஆர்க்கைவ். இலக்கியம் என்றால் துறை இதழ், காத்திருக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. மொழியியல் என்றால் கோட்பாட்டுக் கட்டுரை இதழுக்கும், தரவகம் (மொழித் தரவுத் தொகுப்பு), நிரல் சார்ந்தது கருத்தரங்குக்கும் போகட்டும். பல்துறை இதழை நான் எடுப்பது ஒரே ஒரு நிலையில்தான்: கட்டுரையின் இரண்டு பாதிகளும் சம அளவில் உடையக்கூடியவை, இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு மதிப்பாய்வாளரைப் போடுவோம் என்று ஆசிரியர் எழுத்தில் சொல்கிறார் என்றால். கட்டுரையை அனுப்பும் முன்பே இதை ஒரு சின்ன மின்னஞ்சலில் கேட்கலாம், தவறே இல்லை. பொறுப்பான ஆசிரியர் பதில் எழுதுவார். ‘48 மணி நேரத்தில் ஏற்பு, கட்டண விவரம் இணைப்பில்’ என்று பதில் வந்தால் கட்டுரையை அங்கே அனுப்ப வேண்டாம்.